வீட்டிலேயே கார் ஏர்கோன் கம்ப்ரசரை மாற்றலாமா?

"காரில் குளிர் வரவில்லை. கம்ப்ரசர் போய்விட்டது, முழு செட்டையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். சொல்லும் தொகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. நாமே வீட்டு வாசலில் வைத்து மாற்றிக் கொள்ள முடியாதா?" என்று கேட்பவர்கள் நம்மில் நிறையப் பேர். காரை வைத்துப் பிழைப்பு நடத்தும் கிரேப் ஓட்டுநருக்கு இது சின்னக் கேள்வி அல்ல. குளிர் இல்லாத காரில் எந்தப் பயணி ஏறுவார்? கைக்குழந்தையோடு ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய் வருகிற குடும்பத்துக்கும் இது ஆடம்பரப் பிரச்சினை அல்ல.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் கம்ப்ரசரைக் கழற்றி மாட்டும் வேலையை வீட்டில் செய்யலாம். கேஸை வெளியே எடுப்பதும் மறுபடியும் ஏற்றுவதும் அதற்குரிய இயந்திரம் உள்ள பட்டறையில்தான் நடக்க வேண்டும். இந்த இரண்டையும்விட முக்கியமான மூன்றாவது வேலை ஒன்று உண்டு. பழைய கம்ப்ரசர் ஏன் செத்தது என்று கண்டுபிடிப்பதுதான் அது. அதைச் செய்யாமல் புதியதை மாட்டினால், சில மாதங்களில் அதுவும் பழையதின் வழியிலேயே போய்விடும். "புது கம்ப்ரசர் போட்டும் நிற்கவில்லை, ஏமாற்றிவிட்டார்கள்" என்று குறைபடுவோரில் பலருடைய கதை இதுதான்.

கம்ப்ரசர் என்ன செய்கிறது?

ஏர்கோன் குளிரை உண்டாக்குவதில்லை. காருக்குள் இருக்கும் வெப்பத்தை வாரி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். வெப்பத்தைச் சுமக்கும் வேலைக்காரன் கேஸ். ஆர்134ஏ எனப்படும் இந்தக் கேஸ் சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் அது கொதிக்கிறது, கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தைக் காருக்குள் இருக்கும் காற்றிலிருந்து எடுத்துக் கொள்கிறது. அந்த ஆவியை உறிஞ்சி, அழுத்தி, சூடாக்கி, முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சருக்குத் தள்ளுவதுதான் கம்ப்ரசர். கண்டென்சரில் வெப்பம் வெளியேறி ஆவி மீண்டும் திரவமாகிறது. டிரையர் அதிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வு அதைச் சிறு துவாரம் வழியே கூலிங் காயிலுக்குள் தெளிக்கிறது. மறுபடியும் அதே சுற்று.

இது மூடிய சுற்று என்பதை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பெட்ரோல் தீர்வதைப்போல கேஸ் தீர்ந்து போகாது. கம்ப்ரசரை வழவழப்பாக வைத்திருக்கும் எண்ணெயும் இந்தக் கேஸோடு கலந்துதான் சுற்றி வருகிறது. என்ஜினுக்கு இருப்பதைப்போல அதற்கென்று தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது.

1940ஆம் ஆண்டு மாடலாக வந்த அமெரிக்க பேக்கார்ட் கார்தான் தொழிற்சாலையிலேயே ஏர்கோன் பொருத்தி விற்கப்பட்ட முதல் கார் என்று சொல்வார்கள். அதன் கம்ப்ரசருக்கு கிளட்ச் கிடையாது. குளிர் போதும் என்றால் என்ஜினை நிறுத்தி, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! இன்று பொத்தானை அழுத்தியதும் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அந்த மேக்னெட்டிக் கிளட்ச்சின் அருமை இதைக் கேட்டால்தான் புரியும்.

கம்ப்ரசர்தான் குற்றவாளியா?

குளிர் வரவில்லை என்றதும் கம்ப்ரசர்மேல் பழி போடுவது சுலபம். ஆனால் சோதித்துப் பார்க்காமல் தண்டனை கொடுக்கக் கூடாது. என்ஜின் ஓடும்போது ஒருவரை உள்ளே உட்கார வைத்து ஏர்கோனைப் போடச் சொல்லுங்கள். நீங்கள் சற்றுத் தள்ளி நின்று கம்ப்ரசரின் முகப்பைப் பாருங்கள். பெல்ட் ஓடும் சக்கரம் எப்போதும் சுற்றும். ஏர்கோன் போட்டதும் அதன் நடுவில் உள்ள தட்டும் சேர்ந்து சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் உடனே கம்ப்ரசர் போய்விட்டது என்று பொருளல்ல. பியூஸ் எரிந்திருக்கலாம். ரிலே பழுதாகியிருக்கலாம். கேஸ் குறைந்துபோய், கம்ப்ரசரைக் காப்பாற்றுவதற்காகவே பிரஷர் சுவிட்ச் மின்சாரத்தைத் தடுத்திருக்கலாம்.

காலையில் நன்றாகக் குளிர்ந்து, பகலில் ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு குளிர் நின்றுவிடுகிறதா? கிளட்ச் தேய்ந்து இடைவெளி அதிகமாகியிருக்கலாம். அந்த இடைவெளி பெரும்பாலான கார்களில் அரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும். தேய்மானத்தால் அது கூடும்போது, சூடேறிய காந்தச் சுருளுக்குத் தட்டை இழுத்துப் பிடிக்கும் பலம் இருக்காது. ஏர்கோனை நிறுத்திய பிறகும் 'கர்ர்' என்ற சத்தம் தொடர்ந்தால், சக்கரத்தின் பேரிங்கைச் சந்தேகப்படலாம். கிளட்ச், காந்தச் சுருள், பேரிங் ஆகிய மூன்றையும் கேஸைத் திறக்காமலேயே பல கார்களில் மாற்றிவிட முடியும். வீட்டில் செய்யத் தகுந்த வேலை ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

கம்ப்ரசர் உள்ளுக்குள் தேய்ந்துவிட்டதா என்பதை மீட்டர் சொல்லும். என்ஜின் நின்றிருக்கும்போது தாழ்வழுத்தப் பக்கமும் உயரழுத்தப் பக்கமும் ஒரே அளவைக் காட்டும். நம் நாட்டு வெயிலில் அது 100 பி.எஸ்.ஐ.யை ஒட்டி இருக்கும். ஏர்கோன் ஓடத் தொடங்கியதும் ஒரு பக்கம் 30, 40 என இறங்கி, மறுபக்கம் 200ஐத் தாண்டி ஏற வேண்டும். கிளட்ச் சுற்றியும், போதிய கேஸ் இருந்தும், இரண்டு முள்ளும் பிரியாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் கம்ப்ரசருக்கு அழுத்தும் சக்தி இல்லை என்று முடிவு செய்யலாம்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லியாக வேண்டும். நின்றிருக்கும் காரில் 100 பி.எஸ்.ஐ. இருக்கிறது, ஆகவே கேஸ் நிறைய இருக்கிறது என்பார்கள். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருந்தாலே போதும், கால் கிலோ இருந்தாலும் அரைக் கிலோ இருந்தாலும் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். அந்த அளவு காட்டுவது வெப்பநிலையை, எடையை அல்ல.

ஏன் செத்தது?

"அண்ணே, கேஸ் கொறஞ்சு போச்சு, ஏத்தி விட்டுடுறேன்" என்பார் பட்டறைத் தம்பி. நாமும் பணத்தைக் கொடுத்துவிட்டு வருவோம். ஆறு மாதத்தில் மறுபடியும் அதே வசனம். மூடிய சுற்றில் கேஸ் இவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. கசியும் ஒவ்வொரு முறையும் கேஸோடு எண்ணெயும் கொஞ்சம் போகிறது. கேஸை மட்டும் ஏற்றிக்கொண்டே இருந்தால் கடைசியில் கம்ப்ரசர் எண்ணெய் இல்லாமல் ஓடி, தேய்ந்து, இறுகி நின்றுவிடும். கசிவைக் காட்டிக் கொடுப்பதும் அந்த எண்ணெய்தான். குழாய் இணைப்பிலோ, கண்டென்சரின் மூலையிலோ, கம்ப்ரசரின் தண்டு வெளிவரும் இடத்திலோ எண்ணெய்ப் பசையில் தூசு ஒட்டிக் கறுத்திருந்தால் அங்கே சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது காரணம் நம் ஊர் நெரிசலுக்கே உரியது. பிளஸ் நெடுஞ்சாலையில் ஓடும்போது நன்றாகக் குளிர்கிறது, டோல் சாவடியில் வரிசையில் நின்றதும் சூடான காற்று வருகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது கண்டென்சர் விசிறியை. கார் ஓடும்போது காற்று தானாக வந்து மோதுகிறது. நிற்கும்போது விசிறிதான் காற்றை இழுக்க வேண்டும். அது மெதுவாகச் சுற்றினாலோ, கண்டென்சரின் கண்களில் மண்ணும் பூச்சியும் அடைத்துக் கொண்டாலோ, வெப்பம் போக வழியில்லாமல் அழுத்தம் தாறுமாறாக ஏறும். அந்தச் சுமை முழுவதும் கம்ப்ரசரின் தலையில்தான். சில நூறு ரிங்கிட்டில் முடிந்திருக்க வேண்டிய விசிறி வேலையைத் தள்ளிப் போட்டு, கம்ப்ரசருக்குச் செலவழிப்பவர்கள் உண்டு.

மூன்றாவது காரணம் ஈரம். உள்ளே நுழைந்த தண்ணீர் எக்ஸ்பான்ஷன் வால்வின் துவாரத்தில் பனியாக உறைந்து அடைக்கும். சற்று நேரம் நிறுத்தினால் உருகிக் குளிர் திரும்பும், பிறகு மறுபடியும் அடைக்கும். அதைவிடக் கொடியது என்னவென்றால், ஈரம் கேஸோடும் எண்ணெயோடும் சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும்.

வீட்டில் செய்யும் பாதி

முதலில் பட்டறைக்குப் போய் இயந்திரம் மூலம் கேஸை எடுத்துவிடச் சொல்லுங்கள். குழாயைத் தளர்த்தி 'புஸ்' என்று காற்றில் விட்டுவிடலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சீறி வரும் திரவம் பட்ட தோல் அந்த இடத்திலேயே உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். காற்றைவிடக் கனமான இந்தக் கேஸ் மூடிய கார் நிறுத்துமிடத்தில் தரையோடு தேங்கி மூச்சை அடைக்கும். சிகரெட் நெருப்பில் பட்டால் நச்சு வாயுவாக மாறும்.

கேஸ் எடுத்த பிறகு ஏர்கோனைப் போடாமல் வீட்டுக்கு ஓட்டி வரலாம். கிளட்ச்சின் மின் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டால் யாரும் தெரியாமல் பொத்தானை அழுத்தினாலும் ஆபத்தில்லை.

என்ஜின் ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுங்கள். பெல்ட் எந்த எந்தச் சக்கரத்தின் மேல், எந்தப் பக்கமாகச் சுற்றி வருகிறது என்று படம் வரைந்தோ கைப்பேசியில் படம் எடுத்தோ வைத்துக் கொள்ளுங்கள். பல கார்களில் கம்ப்ரசர் என்ஜினின் அடிப்பக்கம் இருப்பதால் காரைத் தூக்க வேண்டியிருக்கும். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள். காரின் எடையைத் தாங்கும் ஸ்டாண்டுகளைச் சமமான, கெட்டியான தரையில் வைத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். உயிர் போகக் கூடிய இடம் இந்த வேலையில் இதுதான். செங்கல்லையோ மரக்கட்டையையோ நம்ப வேண்டாம்.

இரண்டு குழாய்களையும் கழற்றியவுடனேயே, அடுத்த போல்ட்டைத் தொடுவதற்கு முன், குழாய் வாய்களைச் சுத்தமான மூடியாலோ பிளாஸ்டிக் உறையாலோ அடைத்துக் கட்டுங்கள். இங்கே செலவாகும் ஒவ்வொரு நிமிடமும் ஈரக்காற்று உள்ளே போகிறது. நம் ஊர்க் காற்றின் ஈரம் தெரிந்ததுதானே! பிறகு தாங்கி நிற்கும் போல்ட்டுகளைக் கழற்றலாம். கம்ப்ரசர் நான்கைந்து கிலோ கனக்கும். கடைசி போல்ட்டைக் கழற்றும்போது ஒரு கை அதைத் தாங்கியிருக்கட்டும்.

இப்போது அவசரப்படாதீர்கள். பழைய கம்ப்ரசரிலிருந்து எண்ணெயை ஒரு சுத்தமான கிண்ணத்தில் வடித்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். தெளிவாகவோ இளமஞ்சளாகவோ இருந்தால் நிம்மதி. கறுத்து, மினுமினுவென்று உலோகத் துகள் தெரிந்தால், கம்ப்ரசர் உள்ளுக்குள் நொறுங்கி அந்தத் துகள் சுற்று முழுவதும் பரவிவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் கம்ப்ரசர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு, கண்டென்சர் எல்லாமே மாற வேண்டும். இன்றைய கண்டென்சர்களின் துவாரங்கள் மிக நுணுக்கமானவை என்பதால் கழுவினாலும் துகள் முழுதாக வராது. பட்டறைக்காரர் "முழு செட்" என்று சொன்னது இந்தக் காரணத்தால் என்றால் அவர் நியாயமாகத்தான் சொல்லியிருக்கிறார். கிண்ணத்தைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வடித்த எண்ணெயை அளந்து பாருங்கள். புதிய கம்ப்ரசர்கள் பலவற்றில் முழுச் சுற்றுக்கும் தேவையான எண்ணெயை ஊற்றியே அனுப்புகிறார்கள். உங்கள் காரிலோ பழைய எண்ணெயின் ஒரு பகுதி கூலிங் காயிலிலும் குழாய்களிலும் தங்கியிருக்கிறது. பழையதில் 50 மி.லி. வந்து, புதியதில் 120 மி.லி. இருந்தால், அப்படியே மாட்டுவது எண்ணெயை அளவுக்கு மீறி ஊற்றுவதாகும். குளிர் குறையும், கம்ப்ரசர் திணறும். ஆகவே புதியதை வடித்து, வெளியே வந்த அளவையும் புது டிரையருக்காகச் சிறிதளவையும் மட்டும் ஊற்ற வேண்டும். உள்ளே எல்லாம் கழுவிச் சுத்தம் செய்திருந்தாலோ, நெடுநாள் கசிவில் எண்ணெய் போயிருந்தாலோ இந்தக் கணக்கு பொருந்தாது. கார் நிறுவனத்தின் கையேட்டில் உள்ள அளவுதான் கணக்கு. எண்ணெயின் வகையும் கம்ப்ரசரின் மேல் எழுதியிருக்கும். பி.ஏ.ஜி. எண்ணெயில் 46, 100, 150 எனப் பல உண்டு, ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் என்பதால் பல மாதங்களுக்கு முன் திறந்து வைத்த புட்டி வேண்டாம்.

ரப்பர் வளையங்களைப் புதிதாகப் போடுங்கள், ஏர்கோன் எண்ணெயில் தொட்டுப் போடுங்கள். பழைய வளையத்தில் மிச்சம் பிடிப்பது ஒரு ரிங்கிட்டும் பெறாது. மாட்டி முடித்ததும் கம்ப்ரசரின் முன்தட்டைக் கையால் பத்துச் சுற்று சுற்றிவிடுங்கள். உள்ளே தேங்கிய எண்ணெய் நகர்ந்துவிடும். டிரையரைக் கடைசியாக, உறையைப் பிரித்த கையோடு பொருத்துங்கள்.

புதியதா, ஹாஃப்கட் கடையிலிருந்து வந்ததா என்ற கேள்வியும் வரும். ஜப்பானில் ஓடிய கார்களின் பாகங்கள் அங்கே மலிவாகக் கிடைக்கும், சில நன்றாகவும் உழைக்கும். ஆனால் குழாய் வாய்கள் மூடாமல் மாதக்கணக்கில் மழைக்காற்றில் கிடந்த கம்ப்ரசரை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வாய் மூடியிருக்கிறதா, கையால் சுற்றும்போது தடையின்றிச் சுற்றுகிறதா, உள்ளே எண்ணெய் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பட்டறையில் செய்யும் பாதி

கேமரன் மலையில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, ஏறக்குறைய 95 டிகிரியில் கொதிக்கிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது, கொதிநிலையும் குறைகிறது. வேக்கும் பம்பு செய்வதும் இதைத்தான். சுற்றுக்குள் உள்ள அழுத்தத்தை வெளிக்காற்றின் 4 விழுக்காட்டுக்கும் கீழே இறக்கினால் 30 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகி வெளியேறிவிடும். அதற்கு நேரம் வேண்டும். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு 'ஆச்சு' என்றால் ஒப்புக் கொள்ளாதீர்கள். அரை மணி, முக்கால் மணி நேரமாவது ஓட வேண்டும். பிறகு வால்வை மூடிவிட்டு முள் அசையாமல் நிற்கிறதா என்று பதினைந்து நிமிடம் பார்க்க வேண்டும். முள் ஏறினால் கசிவு இருக்கிறது, அல்லது ஈரம் இன்னும் போகவில்லை.

கசிவு பார்க்கிறேன் என்று டயருக்குக் காற்றடிக்கும் பம்பை இணைப்பதும் கூடாது. ஈரத்தை நாமே உள்ளே அடைப்பதாகும். மேலும் ஆர்134ஏ காற்றோடு கலந்து அழுத்தத்தில் இருந்தால் தீப்பற்றக் கூடும். இந்தச் சோதனைக்கு நைட்ரஜனைப் பயன்படுத்துவார்கள்.

கேஸைத் தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்பது பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். கேஸ் புட்டியின் பெயரையும் கொஞ்சம் பாருங்கள். 2011இல் ஆர்134ஏ என்ற பெயரில் வந்த போலிக் கேஸ் குளிர்பதனக் கப்பல் கொள்கலன்களில் ஏற்றப்பட்டு, அதிலிருந்த மீத்தைல் குளோரைடு அலுமினியத்தோடு வினைபுரிந்து வெடித்ததில் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். கார் கம்ப்ரசரின் உடலும் அலுமினியம்தான்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் ஆர்12 என்ற கேஸை அறிந்திருப்பார்கள். அது ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974இல் மோலினாவும் ரோலண்டும் சொன்னார்கள். 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது, 1989இல் மலேசியாவும் அதில் சேர்ந்தது. 1995இல் அந்த இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதன் இடத்துக்கு வந்த ஆர்134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப்போல் சுமார் 1,430 மடங்கு. அரைக் கிலோவைக் காற்றில் விட்டால் 700 கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம். ஏறக்குறைய 300 லிட்டர் பெட்ரோல் எரித்த கணக்கு. புதிய கார்கள் சிலவற்றில் வரும் ஆர்1234ஒய்எஃப் இந்தத் தீமையைப் பெரிதும் குறைத்திருக்கிறது. ஆனால் அது மெல்ல எரியும் தன்மை உடையது. இரண்டையும் கலக்கக் கூடாது.

ஹைபிரிட் காரும் மின்சாரக் காரும் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன வீட்டு வேலை எதுவும் பொருந்தாது. அவற்றில் பலவற்றின் கம்ப்ரசருக்குப் பெல்ட் இல்லை, 200 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரத்தில் ஓடுகிறது. ஆரஞ்சு நிற மின்கம்பியைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள். அதன் எண்ணெயும் வேறு. சாதாரண பி.ஏ.ஜி. எண்ணெய் சிறிது கலந்தாலே மின்காப்பு கெட்டு, கார் ஓட மறுக்கும் நிலை வரலாம்.

வேலை முடிந்து காரை எடுக்கும் முன், பட்டறையிலேயே பத்து நிமிடம் ஓட விட்டு விசிறி சுற்றுகிறதா, கிளட்ச் ஒழுங்காகப் பிடித்து விடுகிறதா என்று பாருங்கள். இரண்டு முள்ளின் அளவையும், ஏற்றிய கிராம் கணக்கையும், எண்ணெயின் வகையையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து இணைப்புகளில் எண்ணெய்ப் பசை தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தெரிந்தால் அந்த ரசீதோடு திரும்பிப் போகலாம்.